மாடல் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? கடலோரக் கான்கிரீட் பற்றிக் கேள்வி பதில்

தொண்டி: மீன் இறங்குதளத்துக்கு எஃப்.இ. மாடல் (கட்டுமானத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் போடும் கணக்கு) போட்டோம் சார். மெஷ்ஷை, அதாவது அந்தத் துண்டுகளை, சிறிதாக்கச் சிறிதாக்க உள்மூலையில் ஸ்ட்ரெஸ் (தகைவு) ஏறிக்கொண்டே போகிறது. எதை எடுப்பது?

அந்த மூலை எண்ணை விட்டுவிடுங்கள். பொருள் எவ்வளவு இழுத்தாலும் உடையாது என்று வைத்துப் போடும் எலாஸ்டிக் கணக்கில், கூர்மையான உள்மூலையின் ஸ்ட்ரெஸுக்கு உச்சவரம்பே கிடையாது. தூண் முகத்தில் ஒரு வெட்டு எடுத்து, அங்கே வரும் மொமென்டையும் (வளைக்கும் விளைவு) ஷியரையும் (குறுக்கே வெட்டும் விசை) பாருங்கள். மெஷ் மாறியும் அவை அசையாமல் நின்றால் அதற்குக் கம்பி போடலாம். அதற்கும் முன்னால், தாங்கும் இடங்களில் வரும் ரியாக்‌ஷன்களைக் கூட்டி, கொடுத்த லோடோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கீழக்கரை: உலகமே பயன்படுத்தும் சாஃப்ட்வேர்தானே அண்ணே, அதுவுமா தப்பாகும்?

தம்பி, நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடைக்கு நாஸ்ட்ரான் என்ற எஃப்.இ. சாஃப்ட்வேரில்தான் கணக்குப் போட்டார்கள். 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாவாங்கர் பக்கத்தில் அதன் கான்கிரீட் அடித்தளத்தை நீரில் இறக்கும்போது சுவர் உடைந்து முழுசாக மூழ்கிப்போனது. அடித்தளத்தின் அறைகள் சந்திக்கும் இடத்தில் எலிமென்டுகள் (மாடலின் துண்டுகள்) பெரிதாகவும் கோணலாகவும் இருந்ததால் ஷியர் 47 சதவீதம் குறைத்து வந்திருந்தது. அங்கே போட்ட கம்பியின் நீளமும் போதவில்லை. பிறகு கவனமாகப் போட்ட எஃப்.இ. கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில். முறை ஒன்றுதான், மாடல் போட்ட விதம்தான் வேறு. அந்தச் சுவரை ஒரு பீமாக நினைத்து, தண்ணீரின் அழுத்தத்தை நீளத்தால் பெருக்கிப் பாதியாக்கி ஷியரைப் பார்த்திருந்தாலே குறை கண்ணில் பட்டிருக்கும். கையால் போடும் அந்த ஒரு வரிக் கணக்கை எப்போதும் விடாதீர்கள்.

மண்டபம்: மாடலில் வந்ததைவிட சைட்டில் பீம் அதிகம் தொய்கிறதே?

விரிசலே விழாத முழுப் பீமாகக் கொடுத்திருப்பீர்கள். நிலநடுக்கக் கணக்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893 (2016), பீமின் விறைப்பை 0.35 மடங்காகவும் தூணுக்கு 0.70 மடங்காகவும் குறைக்கச் சொல்வது விரிசலை நினைத்துத்தான். நாள்பட்ட தொய்வுக்குக் க்ரீப்பையும் (சுமை நீடித்தால் கான்கிரீட் மெல்ல மெல்ல உருமாறுவது) சேர்க்க வேண்டும்.

பாம்பன்: பழைய ஜெட்டி (படகுத்துறை மேடை) இன்னும் லோடு தாங்கும் என்று மாடல் சொல்கிறது. நம்பி லாரி விடலாமா?

மாடலுக்குள் என்ன கம்பி கொடுத்தீர்கள்? போன ஐப்பசியில் இந்தக் கரையில் ஒரு ஜெட்டிக்கு அடியில் போனேன். சுத்தியலால் தட்டினால் பொள்ளல் சத்தம். கம்பியை மூடியிருந்த கான்கிரீட் (கவர்) கையோடு வந்தது. துருவைச் சுரண்டி வெர்னியர் வைத்தால், வரைபடத்தில் 16 மில்லிமீட்டர் என்றிருந்த கம்பி 11 தான் இருந்தது. பரப்பில் பாதிகூட இல்லை. மாடலில் 16 அப்படியே இருந்தது.

அலை ஏறி இறங்கும் இடத்துக்கு, கான்கிரீட்டுக்கான தர விதி ஐ.எஸ். 456 கேட்பது எம்40 என்ற வலுத்தரக் கான்கிரீட், 75 மில்லிமீட்டர் கவர். உங்கள் ஜெட்டியில் நாலைந்து இடம் திறந்து கம்பியை அளந்து, வலுவைச் சோதிக்கக் கான்கிரீட்டில் உருளைத் துண்டு (கோர்) எடுத்து, அந்த எண்களோடு மாடலைத் திரும்ப ஓட்டுங்கள். அதுவரை லாரி வேண்டாம்.