கேளுங்கள், சொல்கிறேன்: ரயில்காரர்கள் ஊர்

கோத்தகிரி வாசகி ஒருவர்: என் மகள் அமெரிக்காவில், இல்லினாய்ஸ் மாநிலத்தில் கேல்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் இருக்கிறாள். ராத்திரியெல்லாம் கூட்ஸ் வண்டிச் சத்தமாம். "இது ரயில்காரங்க ஊரும்மா" என்கிறாள். நம் குன்னூரையும் அப்படிச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம் அம்மா. இல்லினாய்ஸில் பல ஊர்களுக்கு ரயில் கம்பெனிக்காரர்களே மனை பிரித்தார்கள். தண்டவாளம் முதலில், ஊர் அப்புறம். கேல்ஸ்பர்க் அப்படியில்லை. ஒரு கிறிஸ்தவக் கூட்டம் 1837-ல் கல்லூரியும் ஊருமாகச் சேர்த்தே உண்டாக்கியது. ரயில் வந்தது 1854-ல். குன்னூரும் அந்த ஜாதிதான். ஊர் இருந்தது, மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் 1899-ல் ஏறி வந்தது. ஊட்டியை எட்ட 1908 ஆகிவிட்டது.

ஆனால் எனக்கு வருஷக் கணக்கு முக்கியமில்லை. வீட்டில் உலை எப்போது ஏறுகிறது என்று பார்ப்பேன். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் அம்மா கடிகாரம் பார்த்து அரிசி களைந்ததே இல்லை. காட்டேரி ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதல் கேட்க வேண்டும். ஐப்பசி மழையில் மண் சரிந்து வண்டி நின்றுபோனால், எங்களுக்குச் சோறும் தாமதம்தான்.

அப்பா பிரேக்ஸ்மேன். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். நடுவில் ஓடும் பல் தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். டிரைவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. அதனால் பெட்டிக்கு ஓர் ஆள் கொடியோடு நிற்பார். முதல் பெட்டியில் காட்டும் கொடி, ஆள் மாற்றி ஆள் எஞ்சின் வரை போகும். இறங்கும்போது பிரேக்கைத் திருகித் திருகி அப்பாவின் வலது உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அந்தக் கையால் தலையைத் தடவினால் முடி சிக்கும்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அந்த நாட்டிலும் பிரேக்ஸ்மேன்கள் இருந்தார்கள். ஓடும் கூட்ஸ் பெட்டிகளின் கூரைமேல் பனியில் நடந்துபோய் பிரேக் சக்கரம் திருகுவார்கள். எத்தனையோ பேர் விழுந்து செத்த பிறகு, எஞ்சினிலிருந்தே போடும் காற்று பிரேக் வேண்டும் என்று 1893-ல் சட்டம் வந்தது. இங்கே இன்றைக்கும் பெட்டிக்கு ஆள் உண்டு. அடுத்த முறை ஏறினால் அவருக்கு ஒரு வணக்கம் வையுங்கள். எல்லாரும் பள்ளத்தாக்கைத்தான் பார்க்கிறார்கள்.

மேட்டுப்பாளையம் வாசகர்: ஹில்குரோ ஸ்டேஷனில் வண்டி ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறது?

நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க. நீங்கள் வடை வாங்குவதற்காக இல்லை சார். அங்கே குரங்குகள் ஜாஸ்தி. அப்பாவின் தூக்குவாளி மூடியைத் திறக்கப் பழகிய ஒன்று இருந்தது. அம்மா துணி சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள், அதையும் அவிழ்த்தது. இரட்டை முடிச்சுப் போட்டாள். அன்றைக்குக் குரங்கு தோற்றது. அப்பாவும்தான், மூட்டையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.