பார்க்கின்சன் உள்ள அப்பச்சிக்குப் பகல் தூக்கம்: ஸ்கேனுக்கு முன்

பார்க்கின்சன் உள்ள அப்பச்சி பலகாரம் முடித்து வளவில் உட்கார்ந்ததுமே தூங்கிவிடுகிறார், காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கூட்டிப்போய் மூளை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தால் காரணம் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். நேராகவே சொல்கிறேன், இந்தத் தூக்கத்துக்கென்று தனியாக ஸ்கேனோ ரத்தச் சோதனையோ இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. இந்த நோயில் உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் செல்கள் மட்டுமல்ல, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதாலமஸில் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஒரெக்ஸின் செல்களும் குறைகின்றன. ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் என்ற புரதத்தையும் ஆராய்ச்சியில் அளக்கிறார்கள், ஆனால் அது நரம்புச் சேதத்தைப் பொதுவாகச் சொல்லுமே தவிர தூக்கம் ஏன் என்று சொல்லாது.

முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் என்ற பார்க்கின்சன் மாத்திரைகள் இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், பேசிக்கொண்டிருக்கும்போதே ஆளைத் தூக்கத்தில் தள்ளிவிடும். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர்தான் குறைக்க வேண்டும், அதுவரை அப்பச்சி கையில் வண்டிச் சாவி வேண்டாம். அப்புறம், பிபி இறங்குவதாலும் கண் சொருகலாம், அதனால் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்தபடி ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிபி பாருங்கள், மேல் அளவு 20 இறங்கினால் குறித்து வையுங்கள். இரவில் குறட்டை, மூச்சு நின்று நின்று வருவது, கனவில் கத்திக்கொண்டு கை வீசுவது எல்லாம் உங்கள் ஆத்தாவுக்குத்தான் தெரியும், அவரிடம் கேளுங்கள். ரத்தத்தில் இப்போதைக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்த்தால் சரி. பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் என்ற 8 கேள்வித் தாளை நிரப்பி, 24க்கு 10க்கு மேல் வந்தால் அதையும் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.