ராஸ் பார்ன்ஸ்: ஆட்டவிதியா, காய்ச்சலா?

கேள்வி: 1870களின் பேஸ்பாலில் ராஸ் பார்ன்ஸ் அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா?

பதில்: என் கணிப்பில் அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர் (ஓடுபவர் தொட வேண்டிய நான்கு முனைகளில் இரண்டாவதைக் காப்பவர்) அவர்தான். முதல் தொழில்முறை லீக்கான நேஷனல் அசோசியேஷனில் பாஸ்டன் அணி 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றது; அந்த அணியின் உயிர்நாடி பார்ன்ஸ். 1876இல் நேஷனல் லீக் பிறந்ததும் சிகாகோவுக்குப் போனார். பேட்டிங் சராசரி .429, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 429 வெற்றி அடிகள் என்ற கணக்கு; 66 ஆட்டங்களில் 126 ரன்கள். அந்த லீக்கின் முதல் ஹோம் ரன்னும் (ஒரே அடியில் எல்லா பேஸ்களையும் சுற்றி வருவது) அவருடையதே.

கேள்வி: ‘ஃபேர்-ஃபவுல்’ அடி என்கிறார்களே, அது என்ன?

பதில்: அன்றைய விதிப்படி பந்து முதலில் தரையைத் தொடும் இடம்தான் கணக்கு. ஆடுகள எல்லைக் கோட்டுக்குள் ஒருமுறை குத்திவிட்டால், பிறகு வெளியே ஓடினாலும் அது நல்ல அடியே. பார்ன்ஸ் மட்டையைச் சாய்த்து, பந்தைத் தன் காலருகே குத்தவைத்து, மூன்றாம் பேஸுக்கு வெளியே சுழன்றோட விடுவார். அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் பேஸை எட்டிவிடுவார். மணிக்கட்டின் நுட்பமான வேலை அது.

கேள்வி: 1877இல் அந்த அடியைத் தடை செய்ததும் அவர் ஆட்டம் முடிந்தது என்பது சரியா?

பதில்: பாதி உண்மை. இந்தக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. விதி மாறிய அதே ஆண்டில் அவரை முறைக்காய்ச்சல் பிடித்தது. 22 ஆட்டங்களுக்கு மேல் ஆட முடியவில்லை. படுத்திருந்த நாட்களுக்கு நிர்வாகம் சம்பளம் தர மறுத்தது. வழக்குப் போட்டார், தோற்றார். 1879இல் சின்சினாட்டிக்காக ஆடியபோது சராசரி .266. விதி அவரிடமிருந்து ஓர் அடியைத்தான் பறித்தது. ஓட்டத்தையும் உடல்வலுவையும் பறித்தது காய்ச்சல்.

கேள்வி: கையுறை அணிந்தாரா?

பதில்: இல்லை, வெறுங்கைதான். அக்காலத்தில் இரண்டாம் பேஸில் நின்ற எல்லோரும் அப்படித்தான்.

கேள்வி: சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ்மன்றத்தில் அவர் பெயர் ஏன் இல்லை?

பதில்: பத்துப் பருவங்கள் ஆடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1871இலிருந்து எண்ணினால் பார்ன்ஸுக்கு ஒன்பதுதான். பாஸ்டனில் அவர் பக்கத்தில் நின்ற ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) ஜார்ஜ் ரைட் 1937இலேயே உள்ளே போய்விட்டார். 1871க்கு முன் ராக்ஃபோர்ட் அணியில் பார்ன்ஸ் ஆடிய தொடக்க ஆண்டுகளையும் சேர்ப்பதே நியாயம் என்பேன். 1867இல் கிழக்கிலிருந்து பெரும் பெயரோடு வந்த வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியை ராக்ஃபோர்ட் இளைஞர்கள் 29-23 என்று வென்றார்கள். அன்று பார்ன்ஸுக்கு வயது 17.