புரண்டால் சுற்றும் தலை, பல் துலக்கினால் சுரீரென்னும் கன்னம்: நரம்பியல் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் நரம்பு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் சேர்த்திருக்கிறோம். மருந்தின் அளவுகளைப் புரிதலுக்காகத்தான் தந்திருக்கிறோம். உங்களுக்கான அளவை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் வீடே சுழல்கிறது என்கிறார். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி காலர் போட்டாயிற்று. இரண்டு வருடமாகத் தலைசுற்றல் மாத்திரையும் போடுகிறார். இப்போது கை நடுங்குகிறது, நடையும் மெதுவாகிவிட்டது. இது வேறு நோயா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: புரண்டால் வருகிறது, ஒரு நிமிடத்துக்குள் போகிறது என்ற இரண்டு விவரங்களை எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கண்டுபிடிப்பு அதிலேயே முடிந்துவிட்டது. இது பெரும்பாலும் உள்காதுப் பிரச்சினை. சமநிலைக்காகக் காதின் ஒரு பையில் ஒட்டியிருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உதிர்ந்து, பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகின்றன. தலை திரும்பும்போது அவை உருண்டு, குழாயில் இருக்கும் திரவத்தையும் தள்ளுகின்றன. தலை நின்ற பிறகும் மூளைக்கு ‘இன்னும் சுற்றுகிறோம்’ என்ற தகவல் போய்க்கொண்டே இருக்கிறது. துகள் அடியில் படிந்ததும் சுற்றல் நின்றுவிடும். ஐம்பது வயதுக்கு மேல் எடுக்கும் கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியாதவர்கள்தான் குறைவு. அதைக் காட்டிக் காலர் மாட்டிவிடுவது எளிது, அவ்வளவுதான்.

இடம் மாறிய துகளை மாத்திரை எதுவும் பழைய இடத்துக்குக் கொண்டுபோகாது. அதற்கு ‘எப்ளி’ என்ற தலை அசைவுப் பயிற்சி இருக்கிறது. வலக் காது என்றால் செய்முறை இது: கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, படுத்தால் தோளுக்கு அடியில் வரும்படி பின்னால் ஒரு தலையணை வைக்க வேண்டும். தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, அதே நிலையில் சட்டென்று மல்லாந்து படுக்க வேண்டும். தோள் தலையணை மேலும் தலை கொஞ்சம் பின்னால் தாழ்ந்தும் இருக்கட்டும். சுற்றும், பயப்பட வேண்டாம். நின்ற பிறகும் 30 விநாடி அப்படியே இருங்கள். அடுத்து, தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி 30 முதல் 60 விநாடி. பிறகு உடம்பையும் இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி அதே அளவு நேரம். கடைசியாக, முகவாயைத் தாழ்த்தியபடி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு மெல்ல எழுந்து உட்கார வேண்டும்.

பலன் கிடைக்காததற்குப் பெரும்பாலும் காரணம் அவசரம்தான். இடையில் தலையைத் தூக்கினாலோ, காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தாலோ துகள் திரும்பி வந்துவிடும். பக்கம் மாறிச் செய்தாலும் வீண். எனவே எந்தக் காது, எந்தக் குழாய் என்பதை முதல் முறை காது-மூக்கு-தொண்டை மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ பார்த்துச் செய்யட்டும். கிடைமட்டக் குழாயில் துகள் போயிருந்தால் அதற்குப் பயிற்சியே வேறு. கழுத்தில் நிஜமாகவே கடுமையான பிரச்சினை உள்ளவர்கள் வீட்டில் முயல வேண்டாம். சிலருக்கு மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்வது நல்லது.

இனி கை நடுக்கம். அந்த மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். புரோகுளோர்பெரசின் அல்லது சின்னரிசின் என்று இருந்தால் நடுக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இவை மூளையில் உடல் அசைவுகளைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. வாந்தியும் சுற்றலும் கடுமையாக இருக்கும் இரண்டு மூன்று நாளுக்குக் கொடுக்க வேண்டியதை வருடக்கணக்கில் கொடுத்தால், முதியவர்களுக்கு பார்க்கின்சன் நோய் போன்ற நடுக்கமும் விறைப்பும் வரும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகும். நிறுத்தியும் தொடர்ந்தால், மருந்துக்கு முன்பே உள்ளே பார்க்கின்சன் தொடங்கியிருந்ததா என்று பார்க்க வேண்டும்.

அசையாமல் படுத்திருக்கும்போதும் சுற்றல் விடாமல் இருப்பது, பேச்சுக் குழறுவது, எல்லாம் இரண்டாகத் தெரிவது, நிற்கவே முடியாமல் சாய்வது ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். அப்போது எப்ளியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: வலது கன்னத்தில் கரண்ட் அடித்தது போல் சுரீர் என்று வலி. பல் துலக்கினால், ஷேவ் செய்தால், காற்று பட்டால்கூட வருகிறது. மூன்று பல் பிடுங்கியும் போகவில்லை. (வாசகர், ஈரோடு)

பதில்: நான்காவது பல்லைத் தொட விடாதீர்கள். சொத்தைப் பல் வலி விண்விண் என்று மணிக்கணக்கில் தெறிக்கும், சூடும் குளிரும் பட்டால் கூடும். நீங்கள் சொல்வது சில விநாடிகள் நீடிக்கும் மின்னல் வலி. முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் ஐந்தாவது கபால நரம்பில் வருவது இது. ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று பெயர். பலருக்கு, மூளைத்தண்டை விட்டு அந்த நரம்பு வெளியே வரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் உரசித் துடித்து, மேலுறையை அரித்திருக்கும்.

சாதாரண வலி மாத்திரைகள் இதற்குக் கேட்காது. வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் கேட்கும். 100 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை என்று தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கூட்டுவார்கள். பலருக்கு 400 முதல் 800 வரை போதும். இந்த மருந்துக்கு வலி நன்றாகக் குறைந்தால் நோய் இதுதான் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. தொடங்குவதற்கு முன் சோடியம், கல்லீரல், ரத்த அணுக்கள் பரிசோதனை வேண்டும். ஆசிய இனத்தவர் சிலரிடம் காணப்படும் எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருந்தால், தோல் கழன்று வரும் அளவுக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம். வசதி இருக்கும் இடத்தில் அதையும் பார்த்துவிடுவது நல்லது. முதல் இரண்டு மாதங்களில் காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயதானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசினால் சோடியம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

எம்ஆர்ஐ ஒருமுறை அவசியம். நாற்பது வயதுக்குக் கீழே என்றாலும், இரண்டு பக்கமும் வலி என்றாலும், கன்னம் மரத்துப் போயிருந்தாலும் கட்டியோ, நரம்புகளின் மேலுறை சிதையும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயோ இருக்கலாம். மருந்து போதாதபோது, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே டெஃப்லான் துண்டை வைத்துப் பிரிக்கும் அறுவை சிகிச்சை நீண்டகாலப் பலன் தருகிறது. அதற்கு உடம்பு தாங்காதவர்களுக்கு ஊசி வழியாக நரம்பைச் சூடுபடுத்தும் முறை உண்டு. அதில் கன்னம் கொஞ்சம் மரத்துப் போகும்.

கேள்வி: வலிப்பு வந்தவர் கையில் சாவிக் கொத்து கொடுத்தால் நிற்கிறதே? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நிற்பவை. ஓடிப்போய்ச் சாவி தேடிக் கொண்டுவர அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது! கையைக் காலைப் பிடித்து அமுக்காமல், வாயில் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவிக்குப் பதில் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸ்.

கேள்வி: 16 வயது மகனின் கையெழுத்து ஒரு வருடமாகக் கோணலாகிக்கொண்டே வந்தது. பேச்சு குழறி, எச்சில் ஒழுகியது. வில்சன் நோய் என்கிறார்கள். எங்களுடையது மாமன்–அக்கா மகள் திருமணம். பெனிசிலமைன் தொடங்கியதும் நடுக்கம் கூடிவிட்டது, நிறுத்தலாமா? 11 வயது மகள் நன்றாக இருக்கிறாள், அவளுக்கும் பரிசோதனை வேண்டுமா? (வாசகி, சேலம் மாவட்டம்)

பதில்: மகளுக்குப் பரிசோதனை கட்டாயம் வேண்டும், இந்த மாதமே.

சாப்பாட்டில் வரும் தாமிரத்தில் மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றும். அந்த வேலையைச் செய்யும் புரதத்துக்கான ஏடிபி7பி என்ற மரபணு, தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் பழுதாக வந்து சேர்ந்தால், தாமிரம் முதலில் கல்லீரலிலும் பிறகு மூளையிலும் கண்ணிலும் தேங்குகிறது. சொந்தத்தில் மணமுடிக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு நிற வளையம் தெரியும். டார்ச் வெளிச்சத்தில் தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது, கண் மருத்துவரிடம் உள்ள ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்க்க வேண்டும். 1912-இல் கின்னியர் வில்சன் என்ற மருத்துவர் இதை விவரித்தபோது வைத்தியம் கிடையாது. 1956-இல் ஜான் வால்ஷ் என்ற மருத்துவர், தாமிரத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும் பெனிசிலமைனைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான், நோயாளிகள் பிழைத்து வாழும் நோயாக இது மாறியது.

மருந்து தொடங்கியதும் நடுக்கம் கூடுவது இதில் தெரிந்த விஷயம்தான். திசுக்களிலிருந்து தாமிரம் வேகமாக அவிழ்ந்து வருவதால் என்று கருதுகிறார்கள். அதனால்தான் 125 அல்லது 250 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டுகிறார்கள். வேகத்தைக் குறைப்பதா, டிரையன்டின் அல்லது துத்தநாகத்துக்கு மாறுவதா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தவே கூடாது. நிறுத்தியவர்களுக்குக் கல்லீரல் திடீரென்று செயலிழந்து உயிர் போவதுண்டு. மாத்திரை சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ இருக்கட்டும். கூடவே பி6 மாத்திரை வேண்டும். ரத்த அணுக்களும் சிறுநீரில் புரதமும் அடிக்கடி பார்க்கப்பட வேண்டும். துத்தநாகமும் தந்தால் இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கக் கூடாது.

மகளுக்கு நோய் இருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. கல்லீரல் பரிசோதனை, ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், கண், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம் ஆகியவை பார்க்க வேண்டும். இதில் சொதப்புவது சிறுநீர்ச் சேகரிப்புதான். காலையில் முதல் சிறுநீரைக் கீழே விட்டுவிட்டு அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை ஒரு சொட்டும் விடாமல் ஆய்வகம் தரும் கேனில் மட்டும் பிடிக்க வேண்டும். பள்ளி விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு மரபணுப் பரிசோதனை முடிந்து பழுது எது என்று தெரிந்திருந்தால், அதே பழுதை மட்டும் மகளிடம் தேடினால் போதும். இதுவே உறுதியான வழி. நோய் இருந்து, அறிகுறி வரும் முன்பே மருந்து தொடங்கினால் அவள் அண்ணன் பட்ட பாட்டைப் படாமலே வளரலாம்.

வீட்டில் செம்புக் குடத்துத் தண்ணீர் குடிப்பதாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஈரல், நண்டு, இறால் போன்ற ஓட்டு மீன்கள், முந்திரி, காளான், சாக்லேட் முதல் வருடமாவது வேண்டாம். ஆனால் பத்தியம் மட்டும் இருந்து மருந்தை விடுவது ஆபத்து.

கேள்வி: மாலை ஆனால் இமை தொங்குகிறது, காலையில் சரியாகிவிடுகிறது. கண்ணாடி மாற்றியும் பயனில்லை. (வாசகி, தூத்துக்குடி)

பதில்: உழைக்க உழைக்கத் தளர்ந்து, ஓய்வில் தேறும் தசை என்றால் மயஸ்தீனியா கிரேவிஸை நினைக்க வேண்டும். நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலினைத் தசை வாங்கும் இடத்தை உடம்பின் எதிர்ப்பாற்றலே மறித்துக்கொள்கிறது. துணியில் சுற்றிய ஐஸை மூடிய இமைமேல் 2 நிமிடம் வைத்து எடுத்ததும் இமை நன்றாக உயர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. எதிர்ப்புப் புரத ரத்தப் பரிசோதனை, நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டும் மின் பரிசோதனை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியைப் பார்க்க நெஞ்சு சிடி ஸ்கேன் ஆகியவை தேவைப்படும். பைரிடோஸ்டிக்மின் மாத்திரை தளர்ச்சியைக் குறைக்கும். நோயை அடக்க ஸ்டீராய்டு போன்றவை வேண்டியிருக்கும்.

நோய் உறுதியானால், தளர்ச்சியைக் கூட்டக்கூடிய மருந்துகளை எழுதி பர்சில் ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டமைசின், அமிகாசின், மெக்னீசியம் ஊசி, புரொப்பரனலால். சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிலவும் இதில் இருக்கின்றன. எந்த மருத்துவரிடம் போனாலும் சீட்டை முதலில் நீட்டுங்கள். விழுங்கும்போது புரையேறினாலோ, ஒரே மூச்சில் இருபது வரை எண்ண முடியாமல் போனாலோ, வெண்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும், இரவானாலும்.