ஹால் ஏன் குழம்பியது?

அன்புள்ள ஐயா,

‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ பார்த்தேன். ஹால் என்ற கணினி மனிதரைக் கொல்வதைக் கண்டதும், இன்றைய செயற்கை நுண்ணறிவும் ஒரு நாள் எங்களை எதிர்க்குமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. பார்க்க வேண்டிய வேறு அறிவியல் புனைவுப் படங்களையும் சொல்லுங்கள். இன்னொன்று: உங்கள் கணினியில் இருந்த எழுத்தெல்லாம் அழிந்ததை ஊரறிய எழுதியிருந்தீர்கள். இப்படி எழுதினால் உங்கள் மதிப்புக் குறையாதா?

ஒரு வாசகர், தெஹிவளை

அன்புள்ள தம்பி,

படப்பட்டியலைப் பிறகு பார்க்கலாம். பார்த்த படத்தையே நீங்கள் அவசரமாகப் பார்த்திருக்கிறீர்கள். 1968இல் வந்த அந்தப் படத்தில் ஹால் எடுத்த எடுப்பில் யாரையும் கொல்வதில்லை. பூமியோடு தொடர்புகொள்ளும் அன்டெனாவின் ஒரு பாகம் 72 மணித்தியாலத்துக்குள் செயலிழக்கும் என்கிறது. கழற்றிப் பார்த்தால் பழுதேதும் இல்லை. அப்போதும் அது தன் பிழையை ஏற்காமல், பழியை மனிதர் தலையில் போடுகிறது.

அது ஏன் குழம்பியது என்பதை, அந்தப் படத்தின் திரைக்கதையை இயக்குநரோடு சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1982இல் வெளிவந்த அதன் தொடர்ச்சியான ‘2010’ நாவலில் சொல்கிறார். தகவலை மறைக்காமலும் திரிக்காமலும் தருவதற்கென்றே ஆக்கப்பட்ட அந்தக் கணினியிடம், பயணத்தின் உண்மையான நோக்கத்தை, விண்கலத்தில் மற்றவர்கள் நீள்உறக்கத்தில் இருக்க விழித்திருக்கும் இரு பயணிகளுக்கும் சொல்லாதே என்று மேலிடம் கட்டளையிட்டிருந்தது. இந்த முரணில் அகப்பட்டுத்தான் ஹால் கெட்டது. அந்த நாவல் படமானபோது, அமெரிக்காவில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸும் கொழும்பில் இருந்த கிளார்க்கும் தொலைபேசி இணைப்பு வழியே கணினியில் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். 2008இல் இறக்கும்வரை எங்களோடு வாழ்ந்து, பொரளை மயானத்தில் அடக்கமானவரைப் படிக்காமல், படத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவது தெஹிவளைக்காரருக்கு அழகா?

மதிப்புக் குறையும் என்ற உங்கள் பேச்சுத்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. விசைப்பலகையில் ஒரு விசை வேலை செய்யவில்லை என்று காலி வீதிக் கடையொன்றில் மடிக்கணினியைத் திருத்தக் கொடுத்திருந்தேன். விசை புதிதாக வந்தது. உள்ளே ஒரு கோப்பும் இல்லை. டிஸ்க் தானாகப் பழுதாகிவிட்டது என்று சாதித்தார்கள். ஆனால் விண்டோஸை மறுபடி போட்ட திகதி அதன் அமைப்புப் பக்கத்திலேயே கிடந்தது. அழிந்த கோப்புகள், அவற்றின்மேல் வேறொன்று எழுதப்படும்வரை, அந்தப் பழைய வகை டிஸ்கில் பெரும்பாலும் மீட்கக்கூடியவை. அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் மீட்டிருக்கலாம். அவர்களோ அதை மூடிவைத்து, புதுப்புது மென்பொருள்களாக ஏற்றி, மிச்சத்தையும் அழித்தார்கள். இதை நான் ஊருக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

1999 செப்டெம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர் என்ற விண்கலம் செவ்வாயை எட்டிய நேரத்தில் தொலைந்துபோனது. ஒரு தரப்பு உந்துதல் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுக்க, மறுதரப்பு அதை நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டது. பள்ளிப் பிள்ளையும் சிரிக்கக்கூடிய அந்தத் தவற்றை, அதே ஆண்டு நவம்பரில் விசாரணை அறிக்கையாக உலகமறிய வெளியிட்டார்கள். நாசாவின் மதிப்பா குறைந்தது? பொறியியல் வகுப்புகளில் இன்றும் அதைச் சொல்லித்தான் அலகுகளைச் சரிபார்க்கப் பழக்குகிறார்கள்.

எந்திரம் எதிர்க்குமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு எதை மறைக்கச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதே என் கவலை. ‘2010’ என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் மறுபடி எழுதுங்கள், தம்பி.