எலிக்கு ஊற்றிய எண்ணெயும் உங்கள் 640-ம்

பிரியாணி சாப்பிட்டுப் படுத்தால் காலையில் எழுந்திருப்பேனா என்பதுதான் உங்கள் நீளமான கடிதத்தின் சாரம். ஒரு வேளைச் சாப்பாட்டில் இதயக் குழாய் அடைத்துக்கொள்ளாது. நீங்கள் எழுதியிருக்கும் கண் துடிப்பது, ஏப்பம், முடி கொட்டுவது ஆகியவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் பார்த்த வீடியோவில் "ஒரே வேளைக் கொழுப்பில் எலி ரத்தம் பாலாகிவிட்டது" என்றார்களே, அங்கே எலி ஒன்றும் விருந்து சாப்பிடவில்லை. இத்தகைய சோதனைகளில் பட்டினி போட்ட சுண்டெலியின் வயிற்றுக்குள் குழாய் வழியாக 0.2 மி.லி. எண்ணெயை இறக்குவது வழக்கம். சுண்டெலியின் எடையே 25 கிராம்தான். எடைக்கு எடை பார்த்தால், 60 கிலோ ஆள் கிட்டத்தட்ட அரை லிட்டர் எண்ணெயை ஒரே மூச்சில் குடிக்கிற கணக்கு! அப்படியும் சுண்டெலிக்கு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) உச்சத்துக்குப் போய், சீக்கிரமே இறங்கிவிடும். நமக்கு உச்சமே 3, 4 மணி நேரத்தில்தான். இறங்க 6 முதல் 8 மணி நேரம்கூட ஆகும். பால் நிறம் என்பது குடலிலிருந்து வரும் கொழுப்புத் துகள்கள், அடைப்பு அல்ல. சொல்லப்போனால் சுண்டெலிக்கு ரத்தக்குழாய் அடைப்பு லேசில் வராது. அதன் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி 'நல்ல' வகையான எச்டிஎல்லில் இருக்கிறது, நமக்கோ அடைப்பை உண்டாக்கும் எல்டிஎல்லில். அடைப்பை ஆராய வேண்டும் என்பதற்காகவே 1992-ல், ரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்ற உதவும் அபோ-ஈ மரபணுவை நீக்கிய சுண்டெலியை உருவாக்கினார்கள்.

சாப்பிட்ட பின் ஏறும் கொழுப்பு மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. அடைப்பில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அது பல ஆண்டுகளில் நடப்பது, ஒரு ராத்திரியில் அல்ல.

சரி, இப்போது உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். மதியம் சாப்பிட்ட பின் எடுத்த ட்ரைகிளிசரைடு 640 (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மி.கி. என்று கணக்கு). "பிரியாணியால்தான்" என்று லேபில் சொன்னார்களாம். வழக்கமான சாப்பாட்டுக்குப் பின் சராசரியாக ஏறுவது 26 மி.கி. அளவுதான், விருந்தென்றால் இன்னும் கொஞ்சம் கூடும். சாப்பிட்ட பிறகும் 175-க்குள் இருக்க வேண்டியது 640 ஆனால், பழியை முழுக்கப் பிரியாணி மேல் போட முடியாது.

இதைவிட முக்கியமானதைக் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: விருந்துக்குப் பிறகு இரண்டு முறை மேல்வயிற்றில் வலி வந்து முதுகு வரை போனது, கேஸ் மாத்திரை போட்டுச் சமாளித்தீர்கள். எனக்குக் கவலை இதில்தான். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினாலே கணையத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். 1000-ஐத் தாண்டினால் கணைய அழற்சிக்கு வாய்ப்பு நன்றாகவே கூடும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். பித்தப்பைக் கல்லும் இதே மாதிரி வலிக்கும். இதய வலியும் சில சமயம் மேல்வயிற்றில்தான் தெரியும். எதுவென்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அடுத்த முறை அந்த வலி வந்து நிற்காமல் இருந்தாலோ, வாந்தி சேர்ந்தாலோ, எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் "எனக்கு ட்ரைகிளிசரைடு அதிகம்" என்று சொல்லிவிடுங்கள். ரத்தம் பால் மாதிரி இருந்தால் கணைய அழற்சியைக் கண்டுபிடிக்கும் அமைலேஸ் ரத்தப் பரிசோதனை நார்மல் என்று ஏமாற்றக்கூடும். விஷயம் தெரிந்தால் லைபேஸ் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று பார்ப்பார்கள்.

வலி இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து மறுபடி ட்ரைகிளிசரைடு, கூடவே எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை அளவு), தைராய்டு, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), வயிற்று ஸ்கேன் ஆகியவற்றை எடுக்கச் சொல்லுங்கள். கட்டுப்படாத சர்க்கரைதான் பலருக்கும் காரணமாக இருக்கிறது.

அப்புறம், நண்பரிடம் வாங்கிப் போடுகிற ஃபீனோஃபைப்ரேட், அதாவது ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் மாத்திரை. உங்களுக்கு அது தேவைப்படலாம்தான். ஆனால் பித்தப்பைக் கல் இருந்தால் கூடாது, சிறுநீரகம் பழுதாயிருந்தாலும் யோசித்துத்தான் தர வேண்டும். இரண்டையும் பார்க்காமல் அடுத்தவர் அட்டையிலிருந்து பிய்த்துப் போடுவது என்ன வைத்தியம்? டாக்டரைப் பார்க்கும்போது அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள். மது பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. குடிக்கிறவர் என்றால் எவ்வளவு என்பதை டாக்டரிடம் குறைக்காமல் சொல்லுங்கள்.