முட்டி அம்மாவுடையது, கேள்வியையும் அம்மாவே கேட்கட்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. கடலூர் முதுநகரில் மீன் விற்கிறார். சர்க்கரையும் உண்டு. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, மாற்று ஆபரேஷன் செய்துவிடலாம் என்று புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். தை மாதம் தேதியும் குறித்தாயிற்று. அம்மாவைப் படுக்கவைத்துக் காலை மடக்கிப் பார்த்ததோடு சரி, பேச்செல்லாம் அண்ணனோடுதான். அம்மாவிடம் சம்மதமா என்று கேட்டால், "டாக்டர் சொன்னா சரிதானே" என்கிறார். ராத்திரியில் மட்டும், "அப்புறம் நான் கீழே உட்கார முடியுமாடி?" என்று என்னிடம் கேட்கிறார். இதை டாக்டரிடம் கேட்கலாமா, கோபித்துக்கொள்வாரா? "படிச்சவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்று அண்ணன் வாயை அடைத்துவிடுகிறார்.
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகக் கேட்கலாம். அம்மா ராத்திரியில் உங்களிடம் கேட்டதைத்தான் டாக்டரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மாற்றிய மூட்டு பெரும்பாலும் 110 முதல் 120 டிகிரி வரை மடங்கும். நாற்காலியில் உட்கார, படி ஏற, வெஸ்டர்ன் கழிப்பறைக்குப் போக அது போதும். சம்மணம் போடவும் குத்துக்காலிட்டு உட்காரவும் போதாது. அப்படி உட்கார வேண்டாம் என்றே பல டாக்டர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். உங்கள் அம்மாவின் பிழைப்போ தரையில் இருக்கிறது. தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, அரிவாள்மனைக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வஞ்சிரத்தைத் துண்டு போடுகிறவருக்கு மடங்காத முட்டி என்றால் தொழிலே மாறிப்போகும். இது எக்ஸ்ரேயில் தெரியாது. மீன் விற்கிறார் என்று சொன்னால்கூட டாக்டருக்கு இந்த உட்கார்வு கண்ணில் வராது. அம்மா வேலை செய்யும்போது போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை நேராக டாக்டர் கையில் கொடுங்கள்.

ஒன்றை அண்ணனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மாரடைப்பு மாதிரி மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயமில்லை மூட்டுத் தேய்மானம். எக்ஸ்ரேயில் நன்றாகத் தேய்ந்த முட்டியோடு பெரிய வலியில்லாமல் நடப்பவர்கள் உண்டு. லேசான தேய்மானத்திலேயே தவித்துப்போகிறவர்களும் உண்டு. ஆபரேஷன் எப்போது என்பதை வலியும், அந்த வலி எந்த வேலையைத் தடுக்கிறது என்பதும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் உங்கள் அம்மா. அவர் வாய் திறக்காமல் எடுத்த முடிவு மருத்துவமாகவே அரைகுறை முடிவு என்பேன்.

ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். வலியால் தூக்கமே போனவர்களுக்கு அது பெரிய விடுதலை. மாற்றிய முழு மூட்டுகளில் நூற்றுக்கு 82 போல 25 வருடம் தாங்குகின்றன என்று 2019இல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதே சமயம், செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலி முழுதாக விடுவதில்லை. இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு அம்மா சரி என்றால் அது சம்மதம். "டாக்டர் சொன்னா சரிதானே" என்பதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. ஒரு பெண்ணுக்குப் பரிசோதனைக்கு மட்டும் சம்மதம் வாங்கிவிட்டுக் கருப்பையை எடுத்த வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்பதை நோயாளிக்குப் போதுமான அளவு விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டும் விலக்கு. நினைவோடு இருக்கும் அம்மாவுக்குப் பதிலாக மகன் போடும் கையெழுத்து செல்லாது. ஆபரேஷனுக்கு முந்தின இரவு நர்ஸ் நீட்டும் படிவத்தில் அவசரமாகக் கைநாட்டு வைக்க விடாதீர்கள். முன்னாலேயே வாங்கி, தமிழில் படித்துக் காட்டுங்கள்.

சரி, எப்படிக் கேட்பது? டாக்டருக்கு நேரம் குறைவுதான். 67 நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவில் சாதாரண வைத்தியத்துக்கு டாக்டரைப் பார்க்கும் நேரம் சராசரியாக 2 நிமிடம் என்று இருந்தது. அதனால் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் பக்கத்து நாற்காலியில் அம்மா உட்காரட்டும், நீங்களும் அண்ணனும் பின்னால் நில்லுங்கள். "டாக்டர், எனக்குக் கீழே உட்கார்ந்து மீன் நறுக்கணும், ஆபரேஷனுக்கு அப்புறம் முடியுமா?" என்று முதல் பேச்சு அம்மாவுடையதாக இருக்கட்டும். வீட்டில் ஒரு தடவை சொல்லிப் பழக்குங்கள், வெட்கம் போய்விடும். அப்புறம் தாளில் இருப்பதைக் கேளுங்கள். உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மாத்திரை, மூட்டு ஊசி எல்லாம் பார்த்தாயிற்றா? ஆறு மாதம் தள்ளிப்போட்டால் என்ன கெடும்? இரண்டு முட்டியும் சேர்த்தா, ஒவ்வொன்றாகவா? சர்க்கரை எந்த அளவுக்கு வந்தபிறகு செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண்ணில் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடும்.

கிளம்புமுன் அம்மாவே தனக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்லட்டும்: "அப்போ, நான் மேசை போட்டு நின்னுதான் நறுக்கணும், இல்லையா டாக்டர்?" தப்பாகப் புரிந்திருந்தால் டாக்டர் அங்கேயே திருத்திவிடுவார்.

பணத்தைப் பற்றிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். செயற்கை மூட்டுகளுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவிலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். இன்றைய விலையைக் கேட்டு, பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அது அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று முன்னதாகவே விசாரியுங்கள். எல்லையில் ரெட்டிச்சாவடி தாண்டிவிட்டால் புதுச்சேரி, வேறு அரசாங்கம் அல்லவா?

டாக்டர் கோபித்துக்கொண்டால்? பெரும்பாலானவர்கள் கோபிப்பதில்லை; தெளிவாகக் கேட்கிற நோயாளி அவர்களுக்கும் உதவிதான். அப்படியே முகம் சுளித்தாலும் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது அம்மாவின் உரிமை. புதுச்சேரி கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அலுத்துக்கொள்ளாமல் போய்வாருங்கள். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். தன் சிகிச்சைப் பதிவுகளின் நகலை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி சொல்கிறது.

அண்ணனோடு சண்டைக்குப் போகாதீர்கள். லீவு போட்டு, பணம் புரட்டி, அலைகிறவர் அவர்தான். தேதியைத் தள்ளுவது தன்னைத் தட்டிக்கழிப்பது என்று அவருக்குப் படலாம். கேள்வித் தாளை அவர் கையிலேயே கொடுங்கள். டாக்டர் சொல்வதை அவரே குறித்துக்கொள்ளட்டும். இந்த வாரமே அவரையே மருத்துவமனைக்குப் போன் போடச் சொல்லி, தைத் தேதிக்கு முன்னால் அம்மாவோடு உட்கார்ந்து பேச ஒரு தனி நேரம் வாங்கிவிடுங்கள்.